காணாத விண்கலத்தை வரைந்த கை

1515ஆம் ஆண்டு மே மாதத்தில், இந்தியாவிலிருந்து புறப்பட்ட கப்பலொன்று லிஸ்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலே ஒரு காண்டாமிருகம் இருந்தது. குஜராத் சுல்தான் போர்த்துக்கீசிய ஆளுநர் அல்புகெர்க்குக்கு அளித்த அந்த விலங்கை, அவர் கோவாவிலிருந்து தம் மன்னர் மனுவேலுக்கு அனுப்பியிருந்தார். ஐரோப்பிய மண் பல நூற்றாண்டுகளாகக் கண்டிராத விலங்கு அது. அதைப் பற்றிய ஒரு மடலும், ஒரு கோட்டுச் சித்திரமும் ஜெர்மனியின் நூரம்பர்க் நகருக்குச் சென்றன. அந்நகரில் வாழ்ந்த ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், விலங்கைக் காணாமலே, அவ்விரண்டையும் துணைக்கொண்டு தம் புகழ்பெற்ற காண்டாமிருகத்தை வரைந்து, மரக்கட்டை அச்சில் வெளியிட்டார். தோலைப் போர்க்கவசம்போல் தகடு தகடாக அமைத்தார். பிடரியிலே இல்லாத ஒரு சிறு கொம்பையும் வைத்தார். திருத்தந்தை பத்தாம் சிங்கராயருக்குப் பரிசாக அனுப்பப்பட்ட அந்த விலங்கோ 1516இல் இத்தாலியக் கடலோரத்தில் கப்பலோடு மூழ்கி மாண்டது. ஆனால் படம் மூழ்கவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பியருக்கு அதுவே காண்டாமிருகமாக விளங்கிற்று.

காணாததை வரைவது பிழைக்கு இடந்தரும் தொழில். எனினும் சில வேளைகளில், கண்டவர்கள் மறந்துவிட்ட ஒன்றைக் காணாதவரின் கையே காத்து வைத்திருக்கிறது. டியூரருக்கு ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், உரோமை நகரில் ஓர் ஓவியர் இவ்வாறே ஒன்றை வரைந்தார். அவர் வரைந்தது விலங்கு அன்று, விண்கலம். அந்தக் கதையில் பிழைகளைப் பற்றியும், உண்மையாயிருத்தல் என்பதைப் பற்றியும் நாம் எண்ணிப் பார்க்கத்தக்க செய்திகள் உள்ளன.

தொடர் பிறந்த காலம்

1966ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் "ஸ்டார் டிரெக்" என்ற அறிவியல் புனைகதைத் தொடர் தொடங்கிற்று. ஜீன் ராடன்பெர்ரி என்பவர் அதனை உருவாக்கினார். எண்டர்பிரைஸ் என்னும் விண்கலத்தில் கேப்டன் கர்க்கும் அவருடைய தோழர்களும் விண்மீன்களிடையே பயணம் செய்து, புதிய உலகங்களையும் புதிய உயிர்களையும் காண்பதே கதை.

அந்நாட்களில் அமெரிக்கா வியட்நாமில் போரிட்டுக்கொண்டிருந்தது. இரஷ்யாவோடு பனிப்போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. கறுப்பின மக்கள் தம் உரிமைக்காகத் தெருவில் இறங்கியிருந்தனர். அத்தகைய வேளையில் இந்தக் கலத்தின் தலைமை அறையில் கறுப்பினப் பெண்ணொருத்தி அதிகாரியாக அமர்ந்திருந்தாள். அவளருகே ஜப்பானிய வழிவந்த நடிகர் ஒருவர் கலத்தைச் செலுத்தினார். இவர், ஜார்ஜ் டக்கே, இரண்டாம் உலகப் போரின்போது சிறுவனாகத் தம் குடும்பத்தோடு அமெரிக்க அரசின் முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர். 1967இல் தொடங்கிய இரண்டாம் பருவத்தில் இரஷ்ய இளைஞன் ஒருவனும் அந்தக் குழுவில் சேர்ந்தான். கறுப்பின அதிகாரியாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ் தொடரைவிட்டு விலக எண்ணியபோது, மார்ட்டின் லூதர் கிங் தம்மைச் சந்தித்து, விலக வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டதாகப் பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார்.

தொடரின் உள்ளத்தை அறிய ஒரு கதையே போதும். 1967ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் ஒளிபரப்பான அக்கதையில், தொலைவிலுள்ள கோளொன்றின் சுரங்கத்தில் தொழிலாளர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுகின்றனர். பாறையைக் கரைத்துச் செல்லும் ஏதோ ஒரு கொடிய உயிர் அவர்களைத் தாக்குகிறது. அதைக் கொல்லவே எல்லாரும் ஆயுதம் ஏந்துகின்றனர். இறுதியில் ஸ்பாக் என்பவர் அந்த உயிரின் மனத்தோடு தம் மனத்தை இணைத்து, அதன் துன்பத்தை உணர்கிறார். அது ஒரு தாய். சுரங்கத்தார் அறியாமல் உடைத்தெறிந்த உருண்டைக் கற்கள் அதன் முட்டைகள். உண்மை தெரிந்தபின் மனிதரும் அந்த உயிரும் ஒருவருக்கொருவர் துணையாக வாழ இசைகின்றனர். அயலானை அஞ்சுமுன் அறிந்துகொள் என்பதே இத்தொடர் சொல்ல வந்த செய்தி.

அஞ்சலில் வந்த விண்வெளி

தொலைக்காட்சியில் ஒன்று பெயர்பெற்றால், அதைப் படக்கதையாக்கி விற்பது அமெரிக்காவில் அன்று வழக்கமான வணிகம். விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரில் தலைமையிடம் கொண்ட வெஸ்டர்ன் பதிப்பகம் இதில் கைதேர்ந்தது. 1962 முதல் "கோல்டு கீ" என்னும் பெயரில் அது படக்கதை இதழ்களை வெளியிட்டு வந்தது. 1967இல் அந்நிறுவனம் ஸ்டார் டிரெக் இதழைத் தொடங்கிற்று. விலை 12 சென்ட்.

முதல் இரண்டு இதழ்களை நேவியோ செக்காரா என்ற இத்தாலியர் வரைந்தார். மூன்றாம் இதழ் முதல் அப்பணி ஆல்பர்ட்டோ ஜோலித்தி என்பவர் கைக்கு வந்தது. 1923இல் உரோமையில் பிறந்தவர் அவர். போருக்குப்பின் பிழைப்புத் தேடித் தென் அமெரிக்காவுக்குச் சென்றார். அங்கிருந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு வந்து, வெஸ்டர்ன் பதிப்பகத்துக்குப் படக்கதைகள் வரைந்து, அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றார். பிறகு தாயகம் திரும்பி, உரோமையில் தம் சொந்த ஓவியக்கூடத்தை நிறுவினார். அமெரிக்காவிலிருந்து கதை அஞ்சலில் வரும்; உரோமையில் படம் உருவாகும்; படம் மீண்டும் கடல் கடந்து செல்லும். கற்கால மனிதரும் மாபெரும் பல்லிகளும் உலவும் "டூரோக்" என்ற தொடரை அவர் பல ஆண்டுகள் இவ்வாறே வரைந்தார்.

அன்று இத்தாலியில் ஸ்டார் டிரெக் ஒளிபரப்பாகவில்லை. ஒளிநாடாப் பெட்டிகள் வீடுகளுக்கு வராத காலம் அது. ஆகவே ஜோலித்தி அத்தொடரைக் கண்டதே இல்லை. விளம்பரத்துக்காக எடுக்கப்பட்ட சில நிழற்படங்களே அவருக்கு ஆதாரம். டியூரருக்கு ஒரு மடலும் ஒரு கோட்டுச் சித்திரமும் என்றால், இவருக்கு ஒரு கதையும் சில நிழற்படங்களும்.

விளைவு என்னவாயிருக்கும்? எண்டர்பிரைஸ் கலத்தின் பின்புறமுள்ள இரு நீண்ட உருளைகளிலிருந்து, வாணவேடிக்கை ராக்கெட்டைப் போல், நெருப்பு சீறிக்கொண்டிருந்தது. தொடரில் அப்படி ஒன்றும் இல்லை. கலத்தின் பொறியாளரான ஸ்காட் என்பவரின் முகம், அவராக நடித்தவரின் முகத்தோடு ஒத்திருக்கவில்லை. வேற்றுலகில் இறங்கும் வீரர்கள் மலையேறச் செல்பவரைப்போல் முதுகில் மூட்டை சுமந்து நடந்தனர். தொடரைக் கண்டு பழகிய அமெரிக்கச் சிறுவர்கள் இவற்றைக் கண்டு சிரித்தனர். பிற்காலத்தில் ஆர்வலர்கள் இப்பிழைகளைத் தொகுத்து நகைப்பதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருந்தனர்.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் விந்தையானது. அங்கே 1969 சனவரியில் "ஜோ 90" என்ற சிறுவர் வார இதழில் ஸ்டார் டிரெக் படக்கதை தொடங்கிவிட்டது. பி.பி.சி. அத்தொடரை ஒளிபரப்பத் தொடங்கியதோ அவ்வாண்டு சூலை 12ஆம் நாள்தான். எனவே பிரிட்டானியச் சிறுவர்கள் ஸ்பாக்கின் கூர்செவிகளைத் திரையில் காணுமுன் தாளிலேயே கண்டனர். தொடக்க வாரங்களில் கேப்டன் கர்க்கின் பெயர்கூட "கர்ட்" என்றே அச்சாயிற்று. பின்னர் அந்தப் படக்கதை பல இதழ்கள் மாறி, 1973 வரை "வேலியண்ட்" வார இதழில் வெளிவந்தது. 1972 முதல் முத்து காமிக்ஸ் வழியாக நம் சிறுவர்களைக் கவர்ந்த இரும்புக்கை மாயாவி, முன்னர் ஆங்கிலத்தில் உலவியதும் இந்த வேலியண்ட் இதழில்தான் என்பதை வாசகர்கள் சிலர் அறிந்திருக்கலாம்.

எது பெரிய பிழை?

நெருப்புச் சீறும் உருளைகளையும் மாறிப்போன முகத்தையும் கண்டு நாம் சிரிக்கலாம். அவை சிறு பிழைகள். கோல்டு கீயின் முதல் இதழிலேயே அவற்றினும் பெரிய பிழை ஒன்று இருந்தது. அது வரைந்தவரின் பிழை அன்று.

அந்த முதல் கதையில் எண்டர்பிரைஸ் குழுவினர் பசுமை நிறைந்த ஒரு கோளில் இறங்குகின்றனர். அங்கே தாவரங்களே ஆட்சி செய்கின்றன. அவை நடமாடுகின்றன; பிற உயிர்களை உண்கின்றன; அவற்றின் நுண்துகள்கள் மனிதனையும் தாவரமாக்கிவிடுகின்றன. குழுவினர் போராடித் தப்புகின்றனர். தப்பியபின் என்ன செய்கின்றனர்? கலத்திலிருந்து அழிவுக் கதிர்களைப் பாய்ச்சி அந்தக் கோளின் தாவர உயிர்கள் யாவற்றையும் எரித்துவிடுகின்றனர். அந்த ஆணையைத் தருபவர் ஸ்பாக். சுரங்கத்துத் தாயின் துயரை உணர்ந்து, அவளுக்காகப் பேசிய அதே ஸ்பாக்! தொலைக்காட்சியில் அந்தக் கதை வந்ததும், படக்கதையில் இந்தக் கதை வந்ததும் ஒரே ஆண்டில்.

இந்த இதழில் முகங்கள் ஓரளவு சரியாக இருந்தன. பெயர்கள் சரியாக இருந்தன. அட்டையிலே தொடரின் உண்மையான நிழற்படங்களே இடம்பெற்றன. ஆனால் உள்ளே இருந்தது வேறொரு கதை. புதிய உயிரைத் தேடிச் செல்வதே தம் பணி எனக் கொண்ட குழுவினர், புதிய உயிரைக் கண்டதும் அதனைக் கூண்டோடு அழித்துவிட்டு, மனநிறைவோடு திரும்புகின்றனர். உருவம் மட்டும் தொடரைச் சார்ந்திருக்க, உள்ளம் அதற்கு மாறாக நின்றது.

இதற்கு ஒரு தனிமனிதரைக் குறைகூறுவதில் பொருளில்லை. அக்காலப் படக்கதைத் தொழிலின் இயல்பு அது. எழுதுவோர் பக்கத்துக்கு இவ்வளவு என்ற கூலிக்கு எழுதினர். இன்று கௌபாய் கதை, நாளை பேய்க்கதை, மறுநாள் விண்வெளிக் கதை. தொடரின் உள்ளக்கிடக்கையை ஆராய நேரமுமில்லை. எவரும் அதைக் கேட்கவுமில்லை. அரக்கன் வந்தால் அழிக்க வேண்டும் என்பதே பழைய விண்வெளிப் படக்கதைகளின் இலக்கணம். அந்த இலக்கணத்தை அவர்கள் புதிய பெயர்களுக்குப் பொருத்தினார்கள், அவ்வளவே. எனினும், நன்கறிந்த ஒருவரின் முகத்தை அணிந்துகொண்டு, அவர் ஒருபோதும் சொல்லாததைச் சொல்வது எத்துணை எளிது என்பதை இந்தச் சிறு இதழ் காட்டுகிறது. கண்ணுக்குத் தெரியும் பிழையை ஒரு சிறுவன்கூடச் சுட்டிக்காட்டிவிடுவான். உள்ளத்தைத் தவறவிட்ட பிழையை எளிதில் எவரும் கண்டுகொள்வதில்லை.

திரை அணைந்த பின்

1969 சூன் 3ஆம் நாள் ஸ்டார் டிரெக் தொடரின் புதிய கதைகள் நின்றுபோயின. மூன்று பருவங்கள், 79 கதைகள், அதோடு முடிந்தது. பார்ப்போர் தொகை போதாது என்பது நிறுவனத்தின் கணக்கு. இரண்டாம் பருவத்தோடு அதை நிறுத்திவிடுவார்கள் என்ற செய்தி பரவியபோதே, ஆர்வலர்கள் கடிதங்களை எழுதிக் குவித்துத்தான் மூன்றாம் பருவத்தைப் பெற்றிருந்தனர். இம்முறை அவர்களாலும் காக்க முடியவில்லை.

ஆனால் படக்கதை நிற்கவில்லை. திரையில் கலம் மறைந்த பிறகும், தாளிலே அது தொடர்ந்து பறந்தது. பழைய 79 கதைகள் ஊர்தோறும் உள்ளூர் நிலையங்களில் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பாயின. அவற்றைப் பார்த்துத்தான் ஒரு புதிய தலைமுறை இத்தொடரின்மேல் பற்றுக்கொண்டது. 1972 சனவரியில் நியூயார்க்கில் ஆர்வலர்களின் முதல் மாநாடு கூடியபோது ஆயிரக்கணக்கானோர் வந்தனர். 1973-74ஆம் ஆண்டுகளில் வந்த உயிரோவியத் தொடர் 22 கதைகளோடு நின்றது. நாவல்கள் சில வெளிவந்தன. இவை தவிர, அந்தக் கலத்தின் புதிய பயணங்களை அறிய விரும்பிய சிறுவனுக்கு, கடைத்தெருவில் சில சென்ட் கொடுத்து வாங்கும் இந்தப் படக்கதையே கதியாயிருந்தது. அதை வரைந்துகொண்டிருந்தவரோ தொடரைப் பார்த்தே இராத உரோமை ஓவியர்!

இங்கேதான் ஜோலித்தியின் கைவன்மை வெளிப்படுகிறது. தொலைக்காட்சித் தொடருக்குப் பணம் குறைவு. வேற்றுலகம் என்றால், அரங்கத்துக்குள்ளே சில செயற்கைப் பாறைகளும், பின்னே வண்ணத் திரையும்தான். ஓவியருக்கோ பாறையும் ஒன்றே, பாழடைந்த மாநகரும் ஒன்றே, மையின் விலைதான். அவர் வரைந்த முதல் கதையில், நிறுத்துவார் இல்லாமல் நகரத்தின்மேல் நகரமாகக் கட்டிக்கொண்டே செல்லும் இயந்திரங்கள் ஒரு கோளின் விளைநிலங்களையெல்லாம் விழுங்கி, மக்களைப் பட்டினிக்குத் தள்ளுகின்றன. இதைத் திரையில் காட்ட அன்று பெரும்பொருள் வேண்டும். ஜோலித்தியோ அதைத் தூரிகையால் காட்டினார். டூரோக்கின் பள்ளத்தாக்குகளை வரைந்து பழகிய அந்தக் கை, வேற்றுலகின் மலைகளுக்கும் ஓர் எடையையும் பழைமையையும் தந்தது.

கதைகளும் மெல்லத் திருந்தின. 1969இல் வந்த ஆறாம் இதழில், மக்கள் வாழும் இரு கோள்கள் ஒன்றையொன்று நோக்கி விரைகின்றன. முதல் இதழில் ஒரு கோளின் உயிர்களையெல்லாம் தயங்காது எரித்த குழுவினர், இங்கே எதை விடுவது, எதைக் காப்பது எனத் திகைத்து நிற்கின்றனர். அந்தத் திகைப்பே ஒரு முன்னேற்றம்.

1971இல் லென் வீன் என்ற இளைஞர் எழுத வந்தார். அப்போது அவருக்கு வயது 22. மற்றவர்களைப் போலன்றி, அவர் தொடரைப் பார்த்து மகிழ்ந்தவர். ஒன்பதாம் இதழான அவருடைய முதல் கதையின் தலைப்பு "இலாசரின் மரபுரிமை" எனப் பொருள்படும். நற்செய்தியில் கல்லறையிலிருந்து அழைக்கப்பட்டவரின் பெயரைத் தாங்கிய ஓர் அறிவியலார், மறைந்துபோன வரலாற்று மனிதர்களை இயந்திர உருவில் மீண்டும் நடமாட வைப்பதே கதை. அந்த இதழ் முதல் பதினாறாம் இதழ் வரை அவர் எழுதினார். உருளையின் நெருப்பு உடனே அணைந்துவிடவில்லை. ஆனால் கர்க், கர்க்கைப் போலப் பேசினார். ஸ்பாக், ஸ்பாக்கைப் போலச் சிந்தித்தார். அறிந்தவர் எழுத, அறியாதவர் வரைந்தார். இருவருக்கும் இடையே ஒரு பெருங்கடல். எனினும் அந்த இதழ்களே கோல்டு கீ வரிசையில் சிறந்தவற்றுள் சில என இன்றும் மதிக்கப்படுகின்றன. இதே லென் வீன் பின்னாளில் வுல்வரின் முதலிய புகழ்பெற்ற படக்கதை மாந்தரைப் படைப்பதில் பங்குகொண்டார், 2017இல் மறைந்தார்.

1979 மார்ச்சில் 61ஆம் இதழோடு கோல்டு கீ வரிசை முடிந்தது. அவ்வாண்டு திசம்பரில் ஸ்டார் டிரெக் பெருந்திரைக்கு வந்தது. அதன்பின் மார்வெல், டி.சி. முதலிய பெரிய நிறுவனங்கள் உரிமை பெற்றுப் படக்கதைகளை வெளியிட்டன. அவற்றில் முகங்கள் சரியாக இருந்தன. கலமும் சரியாக இருந்தது. ஆயினும் இடைப்பட்ட வறண்ட பத்தாண்டுகளில் ஊற்றை வற்றவிடாமல் வைத்திருந்தவர்களுள், அந்தப் பிழைபட்ட இதழ்களை ஆக்கியோரும் இருந்தனர் என்பதை மறுக்க இயலாது.

பெயரில்லாத உழைப்பு

இறுதியாக ஒன்று. கோல்டு கீ இதழ்களைப் புரட்டினால் எழுதியவர் பெயரும் இராது, வரைந்தவர் பெயரும் இராது. நிறுவனத்தின் வழக்கம் அது. அட்டையிலே நடிகர்களின் முகம் இருக்கும்; உள்ளே தொடரின் உரிமையாளர் பெயர் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் குனிந்து கோடிழுத்தவரின் பெயருக்கு மட்டும் இடமில்லை. அந்தச் சிறுவர்களில் எவரும், தாங்கள் விரும்பிப் படிக்கும் இதழ் உரோமையில் உருவாகிறது என்பதை அறிந்திருக்க வழியில்லை. பின்னாளில் ஆர்வலர்கள் ஒவ்வொரு கோட்டின் போக்கையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, இன்ன இதழை இன்னார் வரைந்தார் எனப் பட்டியலிட்டனர். ஒருகாலத்தில் பிழைகளைத் தொகுத்துச் சிரித்த அதே கூட்டத்திலிருந்துதான், அந்தப் பெயர்களைத் தேடிக் கண்டெடுத்தவர்களும் வந்தனர்.

ஜோலித்தி தம் முதுமையில் இத்தாலியின் புகழ்பெற்ற "டெக்ஸ்" தொடருக்கும் ஒரு பெருநூல் வரைந்தார். 1989இல் அது வெளிவந்தது. லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழ் வாசகர்களுக்கும் உறவினராகிவிட்ட அதே டெக்ஸ் வில்லர்தான். 1993இல் ஜோலித்தி மறைந்தார். 2014 முதல் அமெரிக்காவில் கோல்டு கீயின் ஸ்டார் டிரெக் இதழ்கள் கெட்டி அட்டைத் தொகுதிகளாக மீண்டும் அச்சேறின. அவற்றில் அவருடைய பெயர் இருந்தது. அப்போது அவர் இறந்து 21 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நாமும் நம் வாழ்வில், முழுதும் காணாதவற்றை வரைந்துகொண்டேதான் இருக்கிறோம். பாட்டன் வாழ்ந்த ஊரைப் பேரனுக்குச் சொல்லும்போதும், தாம் சென்றிராத நாட்டின் வரலாற்றை ஆசிரியர் வகுப்பில் நடத்தும்போதும், இறந்தவர் ஒருவரைப் பற்றி அவரை அறியாதவர்களிடம் பேசும்போதும், நம் கையில் இருப்பவை ஒரு மடலும் சில நிழற்படங்களும்தான். இல்லாத கொம்பு ஒன்றை நாம் வைத்துவிடலாம். இல்லாத நெருப்பு ஒன்றை மூட்டிவிடலாம். பின்வருவோர் அதைத் திருத்திக்கொள்வர். சிரித்துப் பொறுத்தும் கொள்வர். ஆனால் சுரங்கத்துத் தாயின் துயரை உணர்ந்தவரை, ஒரு கோளையே எரித்தவராக மாற்றிச் சொல்லிவிட்டால், முகம் எவ்வளவு ஒத்திருந்தும் பயன் என்ன? பிறரைப் பற்றி நாம் வரையும் சித்திரங்களில் கோணல்கள் பல இருக்கலாம். அவர்களுடைய உள்ளம் மட்டுமாவது அவற்றில் அவர்களுடையதாகவே இருக்கட்டும்.